கொழுப்பும் குருட்டு நம்பிக்கையும்

மனிதன் தன் உணவைக் கண்டு அஞ்சுவது புதிதன்று. இன்ன நாளில் இன்னது உண்ணலாகாது, இன்னார் கையால் உண்ணலாகாது என்று ஒரு காலத்தில் புரோகிதன் சொன்னான், மக்கள் கேட்டனர். இக்காலத்தில் விளம்பரத்தாள் சொல்லுகிறது, மக்கள் கேட்கின்றனர். சொல்லுகிறவர் மாறினாரேயொழிய, ஆதாரம் கேளாது தலையசைக்கும் பழக்கம் மாறவில்லை. சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் இவ்வாறு விலக்கப்பட்ட பொருள் கொழுப்பு. அதற்கு முன் மக்கள் ஊனையும் கொழுப்பையும் எவ்வாறு கையாண்டனர், அச்சம் எங்கிருந்து எழுந்தது, அதனால் இலாபம் அடைந்தவர் யார் என்பதைச் சரித்திர முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை ஆராய நமக்கு என்ன தகுதி என்று சிலர் வினவலாம். நாம் வைத்தியரல்லோம், இரசாயன நிபுணருமல்லோம். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி உத்தியோகமே நம்முடையது. ஆயினும் நாள்தோறும் நமது பேரேட்டில் ஏறுவது செம்பனைக் குலைகளின் எடை. அஃதாவது கொழுப்பின் எடை. அன்றியும், மலாயா நாட்டில் செம்பனை முதன்முதல் வியாபாரப் பயிராக நடப்பட்டது 1917ஆம் ஆண்டில், இதே கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். பெயரிலே தென்னை, மண்ணிலே செம்பனை. எனவே கொழுப்பின் சரித்திரத்தைப் பேச இவ்வட்டாரத்தாருக்கு உரிமையுண்டு என்றே கருதுகிறோம்.

வாடூன் என்னும் பழஞ்சொல்

சிலாங்கூர் ஆற்றின் வடகரையில், கோலசிலாங்கூர் நகருக்கு எதிரே, பாசிர் பெனம்பாங் என்னும் மீனவர் ஊர் உளது. அவ்வூரிலும் அதனையொத்த பிற கடற்கரை ஊர்களிலும் சீனரும் மலாயரும் உப்புமீன் செய்யும் முறையும், நாகப்பட்டினத்துக் கரையில் தமிழர் கருவாடு செய்யும் முறையும் அடிப்படையில் ஒன்றே. மீனைப் பிளந்து, குடலை நீக்கி, உப்பிட்டு, வெயிலிலும் காற்றிலும் உணக்குவர். உப்பு மீனின் நீரை வெளியே இழுக்கிறது. வெயில் அந்நீரைக் கொண்டுபோகிறது. அழுகச் செய்யும் கிருமிகள் நீரின்றி வாழா. இவ்வுண்மையை நுண்ணோக்காடி கண்டறிவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, படிப்பறியாத மீனவப் பெண்கள் அனுபவத்தால் அறிந்து கையாண்டு வந்தனர்.

மீனுக்குச் செய்ததையே ஊனுக்கும் செய்தனர். பெரும்பாணாற்றுப்படையில் ‘வாடூன்’ என்னும் சொல் வருகிறது. வாடவைத்த ஊன் என்பது பொருள். கபிலர் என்னும் பெரும் புலவர், தம் கை மென்மையாயிருத்தற்குக் காரணம் ஊனும் சோறும் உண்டு வருந்துதலன்றி வேறு தொழில் அறியாமையே என்று சேர மன்னனிடம் கூறியதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு உளது. ஊனுண்ணல் தமிழர்க்குப் பிறர் கற்பித்த இழிவழக்கம் என்று இன்று சொல்வோர் இவ்விரண்டையும் படித்துப் பார்ப்பார்களாக.

அவ்வாடூனின் வழிவந்ததே நாம் உப்புக்கண்டம் என்று வழங்குவது. ஆட்டிறைச்சியை நீளக் கீறி, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, கயிற்றில் கோத்துக் கொடியில் காயவிடுவர். திருவிழாவிலே ஆடு வெட்டிய வீட்டார் ஒரே நாளில் அனைத்தையும் உண்டு தீர்க்க இயலாது, பனிப்பெட்டியோ இல்லை, எனவே இம்முறை. இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. கைதேர்ந்த பெண்கள் கொழுப்பைத் தனியே அரிந்தெடுத்து, சதையை மட்டுமே காயவிடுவர். சதையில் நீர் உளது; வெயில் அதனை நீக்கும். கொழுப்பிலோ உலர்வதற்கு நீர் மிகக் குறைவு. வெளிச்சத்திலும் காற்றிலும் கிடந்தால் அது உலராது, காறிப்போகும். ஆதலால் கொழுப்பை உருக்கித் தனியே வைத்தனர். உலர்த்துவது வேறு, உருக்குவது வேறு என்னும் இப்பகுப்பு நமக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்கக் கண்டத்தில் அது ஒரு பெருங்கலையாகவே வளர்ந்துளது.

ஆப்பிரிக்க அடுக்களை

தென்னாப்பிரிக்காவில் ‘பில்தோங்’ என்பது வழங்குகிறது. பெயர் டச்சுக்காரர் இட்டது. ஆனால் 1652இல் அவர்கள் நன்னம்பிக்கை முனையில் இறங்குவதற்கு முன்னரே அங்குள்ள பழங்குடிகள் இறைச்சியைக் கீறிக் காற்றில் உலர்த்தி வந்தனர். குடியேறியவர் அதனோடு புளிக்காடியையும் கொத்தமல்லி விதையையும் சேர்த்தனர். நைஜீரியா, நைஜர் நாடுகளின் ஹௌசா மக்கள் இறைச்சியைத் தாள்போல் மெல்லியதாகச் சீவி உலர்த்துவர். பின்னர் நிலக்கடலைக் கூழும் மிளகாயும் இஞ்சியும் கலந்து பூசி மீண்டும் உலர்த்தி, இறுதியில் அனலில் வாட்டுவர். அதற்குக் ‘கிலிஷி’ என்று பெயர். எத்தியோப்பியரின் ‘குவாந்தா’ நமது உப்புக்கண்டத்துக்கு உடன்பிறந்தது போன்றது: கீறல், உப்பு, மிளகாய், கொடி.

இவையெல்லாம் சதையை உலர்த்தும் முறைகள். மொராக்கோவிலும் சோமாலியாவிலும் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். மொராக்கோ மக்கள் பூண்டும் சீரகமும் கொத்தமல்லியும் தடவி உலர்த்திய மாட்டிறைச்சியை, உருக்கிய கொழுப்பிலும் ஒலிவ எண்ணெயிலும் வேகவைத்து, சாடியில் இட்டு, அக்கொழுப்பையே மேலே ஊற்றி மூடி வைப்பர். அது ‘க்லீ’ எனப்படும். சோமாலியர் உலர்ந்த இறைச்சியைச் சிறு துண்டுகளாக்கிப் பொரித்து நெய்யில் மூழ்கவைப்பர், அது ‘முக்மத்’. உருக்கி நீர் நீங்கிய கொழுப்பில் கிருமி வளராது. அது மூடிய இடத்தில் காற்றும் நுழையாது. அங்கே கொழுப்பு உணவாகவும் இருந்தது, உணவைக் காக்கும் மூடியாகவும் இருந்தது. ஒட்டகத்தோடு மாதக்கணக்கில் அலையும் இடையனுக்கு ஒரு சிறு சாடியில் பல நாள் உயிர் அடங்கியிருந்தது. கொழுப்பைத் தெய்வமாகவும் பேயாகவும் கருதாமல், அதன் குணம் அறிந்து அளவாகப் பயன்படுத்தியதே அம்மக்களின் அறிவு.

மரம் வந்தது, அறிவு வரவில்லை

செம்பனையும் அதே கண்டத்தின் குழந்தை. மேற்கு ஆப்பிரிக்க மக்கள் அதன் பழத்தை வேகவைத்து, இடித்து, பிழிந்து எடுக்கும் எண்ணெய் குருதிபோற் சிவந்திருக்கும். அச்சிவப்பு கரோட்டின் என்னும் பொருளால் வருவது; ஒரு கிலோ எண்ணெயில் 500 முதல் 700 மில்லிகிராம் வரை உண்டு. உடல் அதனை ‘ஏ’ வைட்டமினாக மாற்றிக்கொள்கிறது. கண்ணுக்கு அது இன்றியமையாதது.

1807இல் இங்கிலாந்து அடிமை வியாபாரத்தைச் சட்டத்தால் விலக்கியபின், அதே கப்பல்களும் அதே துறைமுகங்களும் செம்பனை எண்ணெய்க்குத் திரும்பின. ஆலைச் சக்கரங்களுக்கு மசகும், சோப்பும், மெழுகுவர்த்தியும் அதனால் ஆயின. எண்ணெய் வியாபாரத்தைத் தன் மக்கள் கையிலேயே வைத்திருக்க முயன்ற ஒப்போபோ நாட்டு மன்னன் ஜாஜா, 1887இல் ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டான்; தாயகம் திரும்பும் வழியில் 1891இல் மாண்டான். ஒரு மரத்தின் நெய்க்கு எவ்வளவு விலை என்பதை வாசகர் சிந்திப்பாராக.

அம்மரத்தின் நான்கு கன்றுகள் 1848இல் சாவகத்துப் பொகோர் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்திராவுக்குப் பரவின. சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்ட ஆன்றி ஃபோக்கோன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர், சுமத்திராவிலிருந்து விதை பெற்று முதலில் அழகுக்காக நட்டார். பின்னர் 1917இல் தென்னமரத்தில் பயிராக்கினார். அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அவரது பெயர் நூல்களில் நிலைத்தது. குழி வெட்டியவர், கன்று சுமந்தவர், குலை அறுத்தவர் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை.

செம்பனைக்கு மகரந்தம் தூவுவதும் மனிதக் கைகளே செய்த வேலை. பெண்களும் ஆண்களும் மரம் மரமாகச் சென்று பூம்பாளைகளில் பொடி தூவினர். ஆப்பிரிக்காவில் அவ்வேலையைச் செய்வது ஒரு சிறு வண்டு என்று கண்டறிந்து, 1981இல் கமரூனிலிருந்து அவ்வண்டைக் கொணர்ந்து விட்டபின்னரே அவ்வேலை ஒழிந்தது. மரத்தைக் கொண்டுவந்து அறுபதாண்டுகளுக்கு மேல் கழித்து வண்டைக் கொண்டுவந்தனர். அதுவும் கூலிச் செலவு குறையும் என்பதால். அம்மரத்தோடு வாழ்ந்த மக்களின் சமையல் அறிவைக் கொண்டுவர வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. அதில் இலாபம் இல்லையன்றோ! சிவந்த எண்ணெய் பீப்பாய்களில் கடல் கடந்தது. லயத்துக் குழந்தைகளின் கண்ணுக்கு நலம் தரும் பொருள் அவர்கள் வீட்டு வாசலிலேயே விளைந்தும், அது சோப்புக்குரிய சரக்கு என்றே அவர்களுடைய பெற்றோர் அறிந்திருந்தனர். 1970களில் இந்நாட்டில் சுத்திகரிப்பு ஆலைகள் பெருகி, எண்ணெய் சமையலறைக்கு வந்தபோது, வெளுக்கவைத்து மணம் நீக்கிய முறையில் அச்சிவப்பு போய்விட்டிருந்தது.

இரண்டு பழைய பாடங்கள்

எளியோரின் உணவறிவை இகழ்ந்து பின்னர் வருந்திய கதை இந்நாட்டிலேயே முன்னும் நடந்துளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர் மடிந்தனர். புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் தப்பினர். நெகிரி செம்பிலான் வைத்தியர் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் இதனைச் சுட்டினார். அதே ஆண்டில் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரைக் கொண்டு சோதித்து, வெள்ளரிசியே நோய்க்கு வழி என்று நிறுவினர். நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அழுக்கரிசி என்று நகரத்தார் நகைத்த அரிசிதான் நம் பாட்டன்மாரின் உயிரைக் காத்தது.

மற்றொன்று: கோல்ட் கோஸ்ட் நாட்டில் குழந்தை வைத்தியராயிருந்து, சத்துக்குறையால் வரும் குவாஷியோர்க்கர் நோயை 1930களில் உலகுக்கு விளக்கிய சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், பின்னர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். தாய்ப்பாலுக்கு மாறாக இனிப்பிட்ட டின் பாலைக் குழந்தைகளுக்கு ஊட்டும்படி வியாபாரிகள் செய்த பிரசாரத்தையும், அதனால் சிசுக்கள் மடிவதையும் கண்ட அவர், 1939இல் சிங்கப்பூரில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். அத்தகைய சில டின் பால்களில் கொழுப்பு நீக்கப்பட்டிருந்தது. கொழுப்போடு அதில் கரையும் வைட்டமின்களும் போயின. எஞ்சியது பெரும்பாலும் சர்க்கரை. கொழுப்பை எடுத்துவிட்டுச் சர்க்கரையை வைப்பது என்னும் தந்திரம் நாற்பதாண்டு கழித்து உலகெங்கும் நாகரிகமாயிற்று.

அச்சம் பிறந்த கதை

அமெரிக்கரான ஆன்சல் கீஸ் 1953இல் ஆறு நாடுகளின் கணக்கை வைத்து, கொழுப்பு மிகுந்த இடத்தில் இருதய நோய் மிகும் என்று காட்டினார். இருபத்திரண்டு நாடுகளின் கணக்கு கிடைத்திருக்க ஆறை மட்டும் எடுத்ததேன் என்று 1957இல் இருவர் வினவினர். பின்னர் அவர் 1958இல் தொடங்கிய பேராராய்ச்சி ஏழு நாடுகளைக் கொண்டது. அவ்வேழில் ஆப்பிரிக்க நாடு ஒன்றுமில்லை, இந்தியா இல்லை, மலாயா இல்லை. ஆயினும் அதன் முடிவு உலகோர் அனைவர்க்கும் வேதமாயிற்று. கீஸ் கூறியது முழுப்பொய்யன்று; ஒருவகைக் கொழுப்பு இரத்தத்தில் கொலஸ்டிராலை உயர்த்துவது மெய்யே. ஆனால் அவ்வளவான உண்மை, வழியிலே ‘கொழுப்பு அனைத்தும் விஷம்’ என்ற மந்திரமாகத் திரிந்தது. 1977இல் அமெரிக்க செனட்சபைக் குழு ஒன்று மக்கள் கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்று அறிவித்தபின், உணவு ஆலைகள் கொழுப்பைக் குறைத்து, சுவை கெடாதிருக்கச் சர்க்கரையைக் கூட்டின.

சர்க்கரை வியாபாரிகளின் கை அதற்கு முன்பே இதில் இருந்தது. 1965இல் அவர்களது சங்கம் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்க்குப் பணம் கொடுத்துக் கட்டுரை எழுதுவித்தது. 1967இல் வெளிவந்த அக்கட்டுரை சர்க்கரையின் குற்றத்தைச் சிறிதாக்கிக் கொழுப்பின் குற்றத்தைப் பெரிதாக்கிற்று. பணம் கொடுத்த செய்தி அம்பலமானது 2016இல்தான். ஏறத்தாழ ஐம்பதாண்டு!

1980களில் அமெரிக்கச் சோயா வியாபாரிகள் செம்பனை, தேங்காய் எண்ணெய்களுக்கு எதிராகப் பெரும் பிரசாரம் நடத்தினர். 1988இல் சோகலோஃப் என்னும் செல்வர், தமக்கு நேர்ந்த மாரடைப்பால் தூண்டப்பட்டு, பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரமிட்டு அவ்வெண்ணெய்களை நஞ்சு என்றார். அஞ்சிய கம்பெனிகள் அவற்றை நீக்கிவிட்டு, ஹைட்ரஜன் ஏற்றி உறையவைத்த தாவர எண்ணெயைப் புகுத்தின. இந்தியாவில் 1937 முதல் டால்டா என்று நாம் அறிந்த பொருள் அவ்வினத்தது. அதில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, தீய கொலஸ்டிராலை உயர்த்துவதோடு நல்லதையும் குறைக்கிறது என்று 1990இல் ஹாலந்து விஞ்ஞானிகள் காட்டினர். 2015இல் அமெரிக்க அரசு அப்பொருளைப் பாதுகாப்பானதன்று என்று தீர்ப்பளித்தது. 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் அதனை உலகெங்கும் ஒழிக்க அழைத்தது. நஞ்சென்று விலக்கியதைக் காட்டிலும் பெரிய நஞ்சை நல்லதென்று முப்பதாண்டு உண்டனர்.

மறுபக்கமும் உண்டு

இவ்வளவு கண்ட சிலர் எதிர்த்திசையில் ஓடுகின்றனர். செம்பனை எண்ணெய் அமிர்தம் என்று நம் நாட்டு வியாபாரியும், தேங்காய் எண்ணெய் சர்வரோக நிவாரணி என்று தேங்காய் வியாபாரியும் கூறுகின்றனர். பழையதெல்லாம் பொன் என்று மற்றொரு கூட்டம் கிளம்பியுள்ளது. இவர்களையும் நம்புதற்கில்லை. செம்பனை எண்ணெயில் ஏறத்தாழப் பாதி பூரிதக் கொழுப்பு. தேங்காய் எண்ணெயிலோ நூற்றுக்குத் தொண்ணூறு. இவ்வகைக் கொழுப்பு தீய கொலஸ்டிராலை உயர்த்துவது சோதனைகளில் உறுதிப்பட்டது. மொத்த உணவாற்றலில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இது இருத்தலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வரையறுத்துள்ளது.

பாலும் இறைச்சியும் உண்டு வாழும் கிழக்காப்பிரிக்க மசாய் மக்களை ஜார்ஜ் மான் என்னும் வைத்தியர் ஆராய்ந்தார். 1964இல் அவர் கண்டது, அவர்களது இரத்தத்தில் கொலஸ்டிரால் குறைவு என்பது. கொழுப்பின் பக்தர்கள் இதோடு நிறுத்திவிடுவர். 1972இல் அவரே, இறந்த ஐம்பது மசாய் ஆண்களின் உடல்களைச் சோதித்தபோது இரத்தக் குழாய்களில் படிவு மிகுதியாகக் கண்டார். ஆனால் அக்குழாய்கள் அகன்றிருந்தமையால் அடைப்பு அரிதாயிருந்தது. அவர்களது ஓயாத நடையே அதற்குக் காரணமாகலாம் என்று கருதினார். நாளெல்லாம் மாடு மேய்த்து நடப்பவனின் உணவை நாளெல்லாம் நாற்காலியில் அமர்ந்திருக்கும் கிராணி உண்டு, மசாயைச் சாட்சிக்கு அழைத்தல் முறையாகாது.

பழைய முறைகளுக்கும் குறையுண்டு. சீன முறை உப்புமீனைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் சேர்த்துளது. உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சியையும் 2015இல் அவ்வகுப்பிலேயே வைத்தது. நம் பெரியோர் உப்புக்கண்டத்தைத் திருவிழா முடிந்த சில வாரங்களுக்கு, சோற்றுக்குத் தொடுகறியாகச் சிறிதளவே உண்டனர். நாள்தோறும் தட்டு நிறைய உண்பது பழைமையைப் போற்றுவதாகாது.

நாம் வேண்டுவது

1917 முதல் இன்றுவரை செம்பனை நிழலில் உழைத்த தமிழ்த் தொழிலாளிக்கு இது சோப்புக்குரியது என்றனர். பின்னர் சமையலுக்குரியது என்றனர். பின்னர் நஞ்சு என்றனர். பின்னர் அமிர்தம் என்றனர். ஒவ்வொரு முறையும் சொன்னவர் விற்பவராகவோ, விற்பவரின் போட்டியாளராகவோ இருந்தார். உழைத்தவனை எவரும் எதுவும் கேட்கவில்லை. அவனுக்கு எட்டிய அறிவுரையோ தலைகீழானது. கருவாடும் உப்புக்கண்டமும் தாழ்ந்தோர் உணவென்று அவனை நாணச்செய்தனர். டின் பாலும் சர்க்கரையும் கலந்த தேநீரை நாகரிகம் என்று கற்பித்தனர். பயன் என்ன? 2019இல் இந்நாட்டு அரசு எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு; இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையே அது மிகுதி. நம் லயங்களிலும், லயம் விட்டு அடுக்குமாடிக்குச் சென்ற வீடுகளிலும் காலிழந்து கிடப்போர் எத்தனை பேர் என்பதை வாசகர் அறிவர்.

எனவே நாம் கூறுவது இதுவே. ஓர் உணவைப் பற்றி எவர் எது சொன்னாலும் மூன்று வினா எழுப்புக. சொல்பவருக்கு அதில் என்ன ஆதாயம்? அவர் சோதித்த மனிதர் எத்தகைய உழைப்பும் வாழ்வும் உடையோர்? நம் வீட்டில் அது எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை உண்ணப்படுகிறது? இம்மூன்றுக்கும் விடை கிடைக்காத எச்சொல்லும், தமிழில் அச்சானாலும் ஆங்கிலத்தில் அச்சானாலும், மந்திரத்தோடு வைத்து எண்ணத்தக்கதே. நம் மூதாட்டிமாரும் சோமாலியப் பெண்களும் சாடியைத் திறந்து, முகர்ந்து, சுவைத்து, காறியதைக் கொட்டி, நல்லதை வைத்துக்கொண்டனர். அவர்கள் சோற்றுக்குச் செய்த அச்சோதனையை நாம் சொல்லுக்கும் செய்யப் பழகுவோமாக.